நாலு முகத்துக்கு ஐந்து சத்தம்

நாலு முகம் கொண்ட கட்டை ஒரு முழுச் சுற்று சுற்றினால் நாலு முறை ‘டிக்’ என்று கேட்க வேண்டும். ஐந்தாவதாக ஒன்று கேட்டது. அதுவும் மோட்டார் நின்ற பிறகு.

அவன் காதைத் தேய்த்துக்கொண்டான். மதியத்திலிருந்து தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒட்டுப்போட்டதுபோல் நின்ற அந்தச் சின்னப் பட்டறைக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு எது வெளிச் சத்தம், எது உள் சத்தம் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் அந்த டிக் கூரையிலிருந்து வரவில்லை. எதிரே மேசைமேல் இருந்த லேத்துக்குள்ளிருந்துதான் வந்தது.

மேசையில் அடங்குகிற சின்ன லேத், கடைசல் மெஷின். சக் என்னும் சுழலும் பிடியில் இரும்புத் தண்டைப் பூட்டி, பக்கத்திலிருந்து டூல் என்னும் வெட்டுளியைக் கொடுத்துச் சீவும். ஒரு வேலைக்கு ஒரு டூல் போதாது. அதனால் ஒரு கட்டையின் நாலு முகத்திலும் நாலு டூலைப் பூட்டிவைத்து, வேண்டியதைக் கையால் திருப்பிக்கொள்வார்கள். அந்தக் கையின் வேலையைக் கம்ப்யூட்டரே செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே நடந்த முயற்சி. கட்டைக்கு அடியில் ஒரு குட்டி மோட்டார். ஒவ்வொரு முகமும் கடக்கும்போது ஒரு கொக்கி பல்லில் விழுந்து டிக் என்னும். வேண்டிய முகம் வந்ததும் மோட்டார் கொஞ்சம் பின்வாங்க, கட்டை கொக்கியில் முட்டி டக்கென்று உட்கார்ந்துகொள்ளும்.

நாளைக்குக் காலையில், இதே பைத்தியம் பிடித்த நண்பர்கள் கூட்டம் ஒன்று இதைப் பார்க்க வருகிறது. ‘நானே செய்தது’ என்று வாய் கூசாமல் சொல்லி வைத்திருந்தான்.

கம்ப்யூட்டருக்கு எழுதிய கட்டளைகள் மட்டும்தான் அவனுடையவை. கட்டை, கொக்கி, பல், ஸ்பிரிங் எல்லாம் அவன் மனைவியின் அண்ணன் அறுத்து, சீவி, ராவிச் செய்தது. எதையும் மில்லிமீட்டரிலேயே அளப்பதால் அந்த மச்சானை எல்லோரும் மில்லி என்றே கூப்பிட்டார்கள். பந்தியில் உட்காரும்போதுகூட “ஒரு மில்லி தள்ளி உக்காரேன்” என்று சொல்கிற ஆள். பல்வலிக்காக எப்போதும் வாயில் ஒரு கிராம்பு. செய்த சாமான் ஒவ்வொன்றிலும் மூலையில் மூன்று புள்ளி குத்திவைப்பான், அதுதான் கையெழுத்து. எத்தனை அவசரமானாலும் மோட்டாரைப் போடுவதற்கு முன்னால் சக்கைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பான். பட்டறைக்குள் முழுக்கைச் சட்டைக்கு அனுமதி இல்லை. “கை முக்கியமா, சட்டை முக்கியமா, மாப்ள?” என்பான். அவன் மாப்ள, மாப்ள என்று கூப்பிட்டே கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்த இவனுக்கும் மாப்பிள்ளை என்பது பெயராகிவிட்டது.

கட்டையில் இருந்த அந்த மூன்று புள்ளிகளையும் மாப்பிள்ளை நேற்றுத்தான் அரத்தால் ராவி எடுத்திருந்தான். இப்போது அந்த இடம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது.

கதவு திறந்தது. தூக்கிவாரிப் போட்டது அவனுக்கு. மனைவி குடையோடு நின்றாள், கையில் மடித்து இஸ்திரி போட்ட நீல முழுக்கைச் சட்டை.

“சாரல் அடிக்குதுல்ல. பனியனோட உக்காந்திருக்கீங்க. இதப் போட்டுக்கங்க.”

“வெச்சுட்டுப் போ.”

அவள் போகவில்லை. லேத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“காலையில நீங்க கடைக்குப் போயிருந்தப்பவும் இது டிக்கு டிக்குனு சத்தம் போட்டுச்சு.”

“அப்ப ப்ளக்கே போடலையே, எப்படிச் சத்தம் வரும்? எலியா இருக்கும்.”

“இருக்கும்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணன் போனதிலிருந்து அவள் எதற்கும் மறுத்துப் பேசுவதில்லை. அது நல்லதுக்குத்தான் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தான்.

சட்டையை மாட்டிக்கொண்ட பிறகுதான் அது எந்தச் சட்டை என்பது உறைத்தது. மில்லி செத்த அன்றைக்குப் போட்டிருந்த சட்டை. கை தானாகப் பைக்குள் போயிற்று. காலி. துவைத்ததில் எங்கேயாவது சாக்கடையில் போயிருக்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான்.

லேத்துக்கு ஒரு கண்ணாடி மூடி உண்டு. அதைத் தூக்கினால் உள்ளே ஒரு சுவிட்ச் விடுபட்டு, பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரியும், சக் சுற்றாது. மில்லி வைத்த பாதுகாப்பு. கட்டளைகளைச் சோதிக்கும்போது மூடியைத் திறந்த ஒவ்வொரு தடவையும் மெஷின் நின்று எல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்தது. மாப்பிள்ளைக்குப் பொறுமை கிடையாது. ஒரு துண்டுச் சிவப்பு வயரை எடுத்து, சுவிட்சின் இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கிவிட்டான். அதன்பிறகு மூடி திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே மெஷின் நம்பியது. அதை மில்லியிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவான், அவ்வளவுதான் காரணம்.

மறுநாள் மில்லி மூடியைத் தூக்கி, நின்றிருந்த சக்கில் சிக்கிய இரும்புச் சீவல் சுருளை எடுக்கக் கையை விட்டான். கம்ப்யூட்டர் அடுத்த கட்டளைக்குப் போனது. சக் சுற்றியது. சுருள் கையையும் சேர்த்து இழுத்தது.

மாப்பிள்ளைதான் முதலில் ஓடிவந்தான். மெஷினை நிறுத்தினான். அதுவரை சரி. அதற்குப் பிறகு திருப்புளியை எடுத்து, சுவிட்சின் இரண்டு திருகுகளையும் தளர்த்தி, வயரை உருவி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, திருகுகளைத் திரும்ப இறுக்கினான். பிறகுதான் வெளியே வந்து கத்தினான். அத்தனை நேரமும் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. அத்தனை நேரமும் மில்லி கீழே கிடந்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சொன்னா கேக்கமாட்டாரு, எப்பவுமே அஜாக்கிரதை,” என்று உறவுக்காரர்கள் எல்லோர் முன்னாலும் சொன்னதும் இவன்தான். மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “மூடியத் தொறந்தா நிக்கணும்ல?” உறவுக்காரர்கள் பேச்சை மாற்றினார்கள். அவளும் மறுபடி கேட்கவில்லை.

அதெல்லாம் முடிந்துபோன கதை. மாப்பிள்ளை மறுபடி பொத்தானை அழுத்தினான். கட்டை சுற்றியது. டிக். டிக். டிக். டிக். டக்கென்று உட்கார்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். மழை. கூரை ஓட்டையிலிருந்து வாளியில் சொட்டுகிற தண்ணீர். எண்ணெயும் ஈரத் துருவும் கலந்த வழக்கமான வாசனை. அதற்கு அடியில், மெல்ல, பக்கத்தில் யாரோ வாயைத் திறந்ததுபோல, கிராம்பு வாசனை.

டிக்.

திரையைப் பார்த்தான். எந்த டூல் முன்னால் நிற்கிறது என்று அதில் ஓர் எண் வரும். ஒன்றிலிருந்து நாலு வரைக்கும்தான் அவன் எழுதியிருந்தான்.

ஐந்து என்று காட்டியது.

“என்ன எழவு இது,” என்றான். மூடியின் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தான். கட்டையின் முன்முகத்தில் டூல் இல்லை. நாலு முகத்திலும் அவனே நாலு டூலைப் பூட்டியிருந்தான், இருந்தாலும் இந்த முகம் காலியாக இருந்தது. டூல் நுழைகிற பள்ளம் திறந்து கிடந்தது. இறுக்கும் திருகுகள் மேலே தளர்ந்து நின்றன, எதையோ உள்ளே வைத்துப் பூட்டக் காத்திருப்பதுபோல.

பள்ளத்தின் மூலையில் மூன்று புள்ளிகள். இப்போதுதான் குத்தியதுபோல் பளபளத்தன.

மூடியைச் சடாரென்று தூக்கினான். சிவப்பு எரிய வேண்டும்.

பச்சையே எரிந்தது.

ஒரு நிமிடம் அவனுக்கு எதுவும் புரியவில்லை. பிறகு கண் தானாகச் சக்குக்குப் பின்னால் போயிற்று, சுவிட்ச் இருக்கும் மூலைக்கு. அங்கே அந்தச் சிவப்பு வயர். அதே துண்டு. அவன் முறுக்கிய அதே முறுக்கு.

கத்தத் தோன்றியது. ஓடத் தோன்றியது. ஆனால் நாளைக்குக் காலையில் கூட்டம் வரும். எல்லோரும் மூடியைத் தூக்கிப் பார்ப்பார்கள். எல்லோருக்கும் தெரியும் இந்த வயருக்கு என்ன அர்த்தம் என்று. அவள் இப்போதே வந்துவிட்டால்?

ஓடிப்போய் ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினான். பச்சை அணைந்தது. திரை இருண்டது. அப்பாடா. ப்ளக்கைக் கீழே போட மனம் வரவில்லை. இடது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே லேத்துக்குத் திரும்பி வந்தான். கரண்ட் இல்லாத மெஷின் வெறும் இரும்பு. வெறும் இரும்பு, வெறும் இரும்பு என்று சொல்லிக்கொண்டே வலது கையைச் சக்குக்கு மேலாக உள்ளே விட்டான்.

முதலில் வயர். அன்றைக்கும் முதலில் வயர்தான்.

விரல் நுனியில் வயர் தட்டுப்பட்டது. இன்னும் கொஞ்சம். ஒரு மில்லி.

பின்னால் கதவு திறந்தது. சாரல் முதுகில் அடித்தது.

“அந்தச் சட்டைப் பையில ஒரு செகப்பு வயர் இருந்துச்சு,” என்றாள் மனைவி. “தொவைக்கிறப்ப கெடச்சுது. என்னன்னு எனக்குத் தெரியல. எடுத்து வெச்சிருந்தேன்.”

அவனால் திரும்ப முடியவில்லை. சட்டைக் கை எதிலோ மாட்டியிருந்தது.

“காலையில அண்ணன் கேட்டான். எடுத்துட்டு வந்து குடுத்தேன். எங்க மாட்டணும்னு அவனே சொன்னான்.”

“ஏம்மா,” என்றான். “கொஞ்சம் இங்க வா. கத்தரிக்கோல் எடுத்துட்டு வா.”

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

கிராம்பு வாசனை, கழுத்துக்கு வெகு பக்கத்தில். சக் அசைந்தது. வேகமாக இல்லை. மோட்டார் சத்தமும் இல்லை. நிதானமாக, யாரோ கையால் பிடித்துத் திருப்புவதுபோல, எங்கேயும் இடிக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் திருப்புவதுபோல. நீலச் சட்டைக் கை அதோடு சேர்ந்து சுருண்டது. மணிக்கட்டு இறுகியது. முழங்கை இழுபட்டது.

ஒரு சுற்று முடிந்து சக் நின்றது.

“ஒரு சுத்து கையால சுத்திப் பாக்காம அண்ணன் போடவே மாட்டான்,” என்றாள் அவள். சொல்லும்போது அழுதாள்.

“ப்ளக்கு என் கையிலதான் இருக்கு,” என்றான் மாப்பிள்ளை. “இங்க பாரு. என் கையிலதான் இருக்கு.”

இடது கையை உயர்த்திக் காட்டினான். ப்ளக்கின் கம்பிகள் மூன்றும் எதிலும் படாமல் அந்தரத்தில் நின்றன.

லேத்தின் பச்சை விளக்கு எரிந்தது.