ஏறி வாருங்கள்

கண்ணைத் திறந்ததும் தையல்கார அம்மா தண்ணீர் கேட்கவில்லை, வழக்கம்போல முகத்தைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. "கீழ ஒரு அம்மா நின்னாங்க மாஸ்டர். உங்களை விசாரிச்சாங்க" என்றாள்.

மாஸ்டர் சிரித்தார். தியான வகுப்பு நடத்துகிறவருக்கு இதெல்லாம் பழகிய சங்கதி. அவர் குரலைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் படியிறங்குகிறவர்கள், அடியில் இருக்கும் கதவைத் திறந்தால் யாரையாவது பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். ஒருவருக்கு விளக்கேந்திய கிழவர், ஒருவருக்கு முக்காடிட்ட ராணி, இன்னொருவருக்கு அழுகிற குழந்தை. எல்லாம் அவரவர் மனசு போட்டுக்கொள்ளும் வேஷம் என்று விளக்கம் சொல்லி அனுப்பிவிடுவார்.

"எனக்கும் ஒரு அம்மாதான்" என்றார் பஸ் டிரைவர். "நெத்தியில தழும்பு. முடிய ஒட்ட வெட்டியிருந்தது."

மருந்துக்கடைக்காரர் பாயில் முன்னால் நகர்ந்தார். "எனக்கும் அதே அம்மா. 'அவன் இன்னும் மேலதான் உட்கார்ந்திருக்கானா'ன்னு கேட்டாங்க."

மாஸ்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம், பின்னறையில், அவர் மனைவி நினைவில்லாமல் படுத்திருந்தாள். படுக்கைப்புண் வராமலிருக்க அவளுக்கு அடியில் போட்டிருந்த காற்று மெத்தையின் மோட்டார் ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. முடியை ஒட்ட வெட்டிவிடுவது பகலில் வரும் நர்ஸ். இந்த மூவரும் அந்த அறையை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

படியும் கதவும் அவளுடைய கண்டுபிடிப்பு. மாஸ்டர் அவளுக்கு முதல் மாணவர், அப்புறம்தான் கணவர். கூட்டமெல்லாம் அவள் குரலுக்கு வந்தது. இவர் பாய் விரித்துப் பாய் சுருட்டினார். அவள் கறாராக ஒரு விதி வைத்திருந்தாள். இறங்கியவரைத் தனியே விடக்கூடாது. மேலே ஒருவர் உட்கார்ந்திருந்து, 'நன்றி சொல்லுங்கள், கதவைச் சாத்துங்கள், ஏறி வாருங்கள்' என்று அழைக்க வேண்டும். ஒருநாள் அவள் யாரும் போகாத ஆழத்துக்கு இறங்கினாள். மேலே உட்கார்ந்தவர் இவர். அழைக்க வேண்டிய வேளையில் அழைக்கவில்லை. காப்பியை ஊதி ஊதிக் குடித்தார். அவள் சரிந்து மேசை முனையில் நெற்றி மோதியபோதும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. டாக்டர்கள் கையை விரித்தார்கள். வகுப்பு இவர் கைக்கு வந்தது. படுத்த மனைவியைப் பார்த்துக்கொள்கிற தியாகி என்று தெருவே மெச்சியது.

"கதவைச் சாத்திட்டு வந்தீங்களா?" என்று கேட்டார்.

"எப்படிச் சாத்துறது மாஸ்டர்?" என்றாள் தையல்கார அம்மா. "அவங்க வாசல்லயே நிக்கிறாங்களே."

பயத்தோடு அவருக்குக் கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. கிடந்த கிடையிலும் அடங்கமாட்டேன் என்கிறாளே! "மறுபடி இறங்குங்க. மூணு பேருமாச் சேர்ந்து, வாசல்ல நிக்கிறவங்களை உள்ள தள்ளிக் கதவைத் தாழ் போடுங்க."

ஜன்னலில் அந்தி மங்கிக்கொண்டிருந்தது. விளக்குப் போடக்கூட எழாமல் அவர் இருந்த இடத்திலேயே இருந்து ஒவ்வொரு படியாகச் சொல்லச் சொல்ல, மூன்று பேரின் மூச்சும் மெல்ல மெல்ல ஒன்றாகி, சுவருக்கு அப்பாலிருந்து வந்த நீண்ட மூச்சோடு இழைய, நோயாளிக்குப் பூசும் பவுடரின் வாடை கதவிடுக்கு வழியே கூடத்தில் பரவியது.

மோட்டார் நின்றது.

மின்சாரம் போகவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"தாழ் போட்டாச்சா?"

மூன்று வாயும் ஒன்றாகத் திறந்தன. வந்தது ஒரே குரல். நிதானமான, இதமான குரல். 'வாங்க, போங்க' என்று மட்டுமே அவரிடம் பேசிப் பழகிய குரல்.

"மூச்சை விடு. தோளைத் தளர்த்து. முதல் படி."

எழுந்து ஓட நினைத்தார். தோள் தளர்ந்தது. அந்தக் குரலுக்கு வருஷக்கணக்கில் பழகிப்போன உடம்பு. அவரைக் கேட்காமலே கண் மூடிக்கொண்டது.

ஒரு படி. இன்னொரு படி. ஈரச் சுவர். பவுடர் வாடை.

கதவு திறந்திருந்தது. வாசலில் யாரும் இல்லை.

இப்போது வாசலில் நிற்பது தான்தான் என்று அவருக்கு உறைத்தபோது, முதுகில் ஆறு கைகள் பட்டன. உள்ளே போய் விழுந்தார். கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது. அவர் சொன்னபடியே.

மேலே, ரொம்ப மேலே, அவள் அழைத்தாள். "நன்றி சொல்லுங்க. ஏறி வாங்க." தையல்கார அம்மா ஏறினாள். டிரைவர் ஏறினார். மருந்துக்கடைக்காரரின் காலடியும் தேய்ந்து மறைந்தது.

"நான் இங்க இருக்கேன்!" கதவை அறைந்தார். "என்னையும் கூப்பிடும்மா! உன் கால்ல விழறேன், ஒரே ஒரு தடவை கூப்பிடு!"

பின்னால் வெளிச்சம். கிழவர் விளக்கை உயர்த்திப் பிடித்திருந்தார். ராணி முக்காட்டை விலக்கியிருந்தாள். குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது. மூன்று நெற்றியிலும் அதே தழும்பு.

மேலே நாற்காலி நகர்ந்தது. யாரோ வசதியாக உட்கார்ந்தார்கள்.

பிறகு, காப்பியை ஊதும் சத்தம். ஒரு மடக்கு. மறுபடியும், அவசரமே இல்லாமல், ஊதும் சத்தம்.