சகலை வீட்டுப் புல்

வாரிய பாசி வெதுவெதுப்பாக இருந்தது. அதுதான் முதலில் உறுத்தியது. வெயில் எட்டிப் பார்க்காத மர நிழலில், ஈர மண்ணில் கிடந்தது சில்லென்று அல்லவா இருக்க வேண்டும்? இதுவோ, யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியைத் தொட்டமாதிரி இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகும் வாசல் பெயர்ப்பலகையில் மேலாளராகவே நீடிப்பவர், ஒரு கைப்பிடிப் பாசியிடம் விளக்கம் கேட்டுக்கொண்டிருப்பாரா? கிளைகளை வெட்டிவிட்டார், சுண்ணாம்புத் தூள் தூவினார், மண்ணைக் குத்திக் கிளறி நிழல் தாங்கும் புல்விதை போட்டார். முளைத்ததென்னவோ பாசிதான். மதிலுக்கு அந்தப் பக்கம், அதே மரத்தின் அதே நிழலில், மனைவியின் அக்கா வீட்டுப் புல்தரை மட்டும் மெத்தை விரித்தாற்போல் கிடந்தது.

"மண்ணு மூச்சு விடணும் சகல. நீங்க அதையும் ஆபீஸ் மாதிரி அமுக்கி வச்சிருக்கீங்க!" மதில்மேல் முழங்கை ஊன்றிச் சிரித்தார் சகலை.

"அத்தான் கை வச்சா கல்லும் துளிர்க்கும்," என்றாள் மனைவி. கணவர் முகத்துக்கு நேராகவே.

வயிறு எரிந்தது. அன்றிலிருந்து வாரிய பாசியையெல்லாம் யாரும் பார்க்காதபோது மதிலுக்கு அப்பால் உதிர்த்தார். நிர்வாகத்தில் இதற்குப் பொறுப்புகளைப் பகிர்ந்தளித்தல் என்று பெயர்.

புல் பட்டுப்போகவில்லை. முன்னைவிடப் பச்சையானது. மனைவி சாயங்காலமெல்லாம் அங்கேயே, வெறுங்காலோடு. திரும்பி வரும்போது ஈர மண் வாசம் கூடவே வந்தது. பாதங்களில் பச்சைக் கறை.

"தேய்ச்சாலும் போகலங்க," என்றாள், ஏதோ நகை போட்டுக்கொண்டவள்போல.

பிறகு அவள் பேச்சும் குறைந்தது.

ஒருநாள் அந்தி மங்கியும் அவள் வரவில்லை. மதிலுக்கு அப்பால் வழக்கமாகக் கேட்கும் சிரிப்பில்லை, கரண்டிச் சத்தமில்லை. வாளியைக் கவிழ்த்து ஏறிப் பார்த்தார்.

வட்டமாக நாற்காலிகள். சகலை. அவர் மனைவி. தன் மனைவி. மடியில் காபிக் கோப்பைகள்.

கழுத்துவரை பச்சை.

கோப்பைக்குள்ளும்.

மூவரும் மூச்சு விட்டார்கள். ஒரே சீராக. ஒவ்வொரு மூச்சுக்கும் புல்தரை முழுதும் மெல்ல எழுந்து, தாழ்ந்தது.

"வாங்களேன்," என்றாள் மனைவி. உதடு அசையவில்லை. "கதகதன்னு இருக்கு."

ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

ஓடு என்றது உடம்பு. கண் கேட்கவில்லை. அது ஒவ்வொருவராக அளந்து, சகலையிடம் போய் நின்றது. அவர்தான் அடர்த்தி. அவர்தான் பளபளப்பு.

இதிலுமா!

மேலாளர் மதில் தாண்டி இறங்கினார். செருப்பைக் கழற்றினார். காலி நாற்காலியை, சகலையினுடையதைவிட ஈரமான இடமாகப் பார்த்து இழுத்துப் போட்டார்.

உட்கார்ந்தார்.

பாதத்திலிருந்து வெதுவெதுப்பு ஏறத் தொடங்கியது.