பின்னாடி இன்னும் ஓர் அடி

ரமா அந்த ஒயிலாட்ட வீடியோவைத் தன் கைபேசியில் மறுபடியும் ஓடவிட்டாள். கடைசியில் வர வேண்டிய "நில்லு" என்ற சொல் இல்லை. "பின்னாடி... பின்னாடி..." என்று அவள் குரலே சொல்ல, திரைக்குள் இருந்த சின்ன ரமா சலங்கை குலுங்க, வலக்கையில் துணியை வீசியபடி பின்னால் நகர்ந்தாள். அதோடு படம் முடிந்துவிட்டது. எடுத்த அன்று சொன்னாளே. சொன்னாளா?

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், கடலோரக் கல்லூரியில் அவள் உடற்கல்வி ஆசிரியை. வாரம் ஒரு வகுப்பில் ஆட்டம் பிடிபடாது என்று வீடியோ எடுத்து, பையன்களின் கைபேசிகளுக்கெல்லாம் ப்ளூடூத்தில் அனுப்பியது அவள் யோசனைதான். எல்லோரும் குஷியாக ஆடினார்கள். கோவளத்து மீனவர் வீட்டுப் பையன் தனகோடி மட்டும் கூச்சப்பட்டான்.

"எங்க வூட்டாண்ட இத்த ஆடுனா ஓட்டித் தள்ளிடுவானுங்க மிஸ்."

"அப்ப மொட்டை மாடிக்குப் போயிடு. யாரும் பார்க்க மாட்டாங்க. ஆனா கண்ணு போனை விட்டு நகரக் கூடாது. காலைப் பார்த்தா மார்க் கிடையாது."

அவன் வீட்டு மாடி பாதியில் நின்ற கட்டடம். கைப்பிடிச் சுவர் இல்லை. அவள் கேட்கவும் இல்லை.

மாடியிலிருந்து விழுந்த அவனை அடக்கம் செய்த மறுநாள் துறைத் தலைவர் லக்ஷ்மிநாராயணன் கேட்டார். "அந்தப் பையன் அங்க எதுக்கும்மா ஏறினான்?"

"தெரியல சார்."

அந்தப் பதில் அன்றிலிருந்து சோற்றில் கல்லாக அவள் வாயில் கடிபட்டுக்கொண்டே இருந்தது.

இன்று மாலை, கல்லூரிக்குப் பின்னால் உள்ள மைதானத்தில், சவுக்குத் தோப்பைத் தாண்டி வந்த கடற்காற்று கருவாட்டு வாடையையும் ஈரத்தையும் சேர்த்து முகத்தில் அப்பியபோது, அவள் பையன்களிடம் மெல்லச் சொன்னாள்: "அந்த வீடியோவை எல்லாரும் அழிச்சிடுங்க."

"இன்னா மிஸ் இப்டி சொல்றீங்க?" என்றான் ராமதாஸ். "டெஸ்டு வந்துகினு கீது. இத்தப் பார்த்துத்தான் காலே வருது. எதுக்கு அழிக்கணும்?"

"மிஸ்ஸு அதுல குண்டா கீறாங்க மச்சான், அதான்!" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

காரணம் சொன்னால் மாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வராந்தாவில் நாற்காலி போட்டு லக்ஷ்மிநாராயணன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மாதான் சொன்னேன்" என்றாள் ரமா. "சரி, போடுங்க."

இடக்கையில் கைபேசி, வலக்கையில் துணி. அத்தனை சின்ன ஒலிபெருக்கிகளிலிருந்தும் அவள் குரல், ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு, தகரத்தில் நகம் கீறுவதுபோல் எழுந்தது. பின்னாடி... பின்னாடி... வரிசை ஒரே சீராகப் பின்வாங்கியது. சுண்ணாம்புக் கோட்டில் நிற்க வேண்டும்.

நிற்கவில்லை.

கோட்டைத் தாண்டினார்கள். தோப்புக்குள் நுழைந்தார்கள். உதிர்ந்த சவுக்கு இலைகளின் மேல் சலங்கைச் சத்தம் அமுங்கி ஒலித்தது. வராந்தா நாற்காலி காலியாக இருந்தது. ரமா ஓடினாள். ராமதாஸின் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஜில்லென்றிருந்தது. அவன் நிமிரவே இல்லை.

"பின்னாடி..."

ஈர மணல். அலை. எல்லோருக்கும் முந்தி, கடலை ஒட்டி ஒருவன் பின்வாங்கிக்கொண்டிருந்தான். கழுத்து ஒரு பக்கமாக மடிந்து கிடந்தது. கண் மட்டும் போனை விட்டு நகரவில்லை.

முழங்கால். இடுப்பு. மார்பு.

கத்த வேண்டும். ஒரே ஒரு சொல். வாயைத் திறந்தாள்.

"தெரியல சார்" என்றுதான் வந்தது.

துணிகள் ஒருசேர மேலே எழுந்தன. அமிழ்ந்தன. இருண்ட நீருக்கடியில் சின்னச் சின்ன நீல வெளிச்சங்கள், வரிசை கலையாமல், இன்னும் பின்னால் போய்க்கொண்டிருந்தன.