ஆறு விநாடி

ஒன்பதே காலுக்குத் தமயந்தி அலுவலக அறை இரும்புப் பெட்டியின்மேல் பெருவிரலை அழுத்தினாள். பெட்டி திறந்தது. துப்பாக்கியை எடுத்து இடுப்புப் பட்டையில் செருகிக்கொண்டு, மின்பலகைப் பேனாவுடன் ஒன்பதாம் வகுப்புக்கு நடந்தாள். நான்கு வருடங்களாக எல்லா ஆசிரியர்களுக்கும் இதுதான் காலை வேலை.

துப்பாக்கிக்குள் 'முன்னறிவான்' என்ற கருவி இருந்தது. வகுப்பிலுள்ள ஒவ்வொருவரின் நாடித்துடிப்பையும் மூச்சையும் வியர்வையையும் அது அளந்துகொண்டே இருக்கும். யாரிடமாவது ஆபத்து தெரிந்தால் இடுப்பில் அதிரும், பூட்டு திறக்கும், மணிக்கட்டுத் திரை ஆளைக் காட்டும். ஆறு விநாடிக்குள் ஆசிரியர் உருவிக் குறிவைத்தாக வேண்டும் என்பது சட்டம். பயிற்சியில் தவிர அவளுக்கு அது அதிர்ந்ததில்லை. ஆனாலும் பாடம் நடத்தும்போது பாதி மனம் இடுப்பிலேயே கிடக்கும்.

அன்று, "வீட்ல கையெழுத்து வாங்கின மார்க் ஷீட்டை எடுத்து வைங்க" என்று சொன்ன சற்று நேரத்தில் அதிர்ந்தது.

மூன்றாவது பெஞ்ச், இதழினி. முகம் வெளிறியிருந்தது. வலது கை பைக்குள் இருந்தது.

தமயந்தியின் கை தானாகப் பிடியைப் பற்றியது. பிள்ளைகள் பார்த்தார்கள். இதழினியும் பார்த்தாள். தமயந்தி பிடியை விட்டுவிட்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாள்.

"பையில என்னம்மா?"

"அப்பா கையெழுத்த நானே போட்டுட்டேன் டீச்சர்." கசங்கிய தாள் வெளியே வந்தது.

மதியம் தலைமையாசிரியை ரெஜினா கூப்பிட்டனுப்பினார்.

"பதினோரு செகண்ட் ஆயிருக்கு தமயந்தி. ஏன் எடுக்கல?"

"வெறும் மார்க் ஷீட் மேடம்."

"அது அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"வேற ஏதாவது இருந்திருந்தா? மத்த முப்பத்தொன்பது பிள்ளைங்க?"

காலையிலிருந்து அதே கேள்வியைத்தான் அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எச்சரிக்கைக் கடிதத்தை வாங்கிக்கொண்டாள்.

பள்ளி விட்டதும் இதழினி வராந்தாவில் நின்றிருந்தாள்.

"டீச்சர், அது என்னையா காட்டுச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஆமாம்மா" என்றாள் தமயந்தி.

"நீங்க நம்பினீங்களா?"

"கொஞ்ச நேரம்."

இதழினி தலையாட்டிவிட்டுப் போனாள். அழவில்லை.

மறுநாள் வகுப்பில் புழுக்கம். பாடத்தின் நடுவே, முகம் துடைக்கத் தமயந்தி இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையைத் தேடினாள். பேச்சுச் சத்தம் நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தபோது, யாரும் சொல்லாமலே, நாற்பது பிள்ளைகளும் இரண்டு கைகளையும் விரித்து மேசைமேல் வைத்திருந்தார்கள்.