ஆகஸ்டில் ஏறிய பனிக்கட்டி

ஐஸ் குழியில் ஏணி குட்டையாகியிருந்தது. ஜூன் முழுக்க கெசியா அதில் இறங்கித்தான் பனிக்கட்டி வெட்டினாள். இப்போது, ஆகஸ்ட் வெயிலில் ஏரி சேறாய் நாறும் நாளில், மேல் படிகள் மட்டுமே கட்டிக்கு வெளியே நின்றன. உருகிக் குறைய வேண்டியது ஏறியிருந்தது.

பிரபுவின் பெரிய வீட்டில் யாருக்கும் இது கவலையில்லை. அன்னாசிச் சாற்றை உறையவைத்து அன்னப்பறவை செய்வார்கள். விருந்தாளிகள் அதன் கழுத்தில் ஒரு கரண்டி கிள்ளிவிட்டு மிச்சத்தைத் தட்டிலேயே உருகவிடுவார்கள். அதற்காகத்தான் ஒவ்வொரு ஜனவரியும் ஆண்கள் உறைந்த ஏரியை உடைத்து வண்டியில் கொண்டுவந்து, தோப்புக்குள் குடுவைபோலக் கட்டிப் பாதி புதைத்த அந்தச் செங்கல் குழிக்குள் கொட்டினார்கள். உள்ளே நின்று மரச்சம்மட்டியால் இடித்துக் கெட்டியாக்குவது அவள் கணவன் ஈனோக்கின் வேலை. இந்த ஜனவரியில் நிரப்பி முடித்த அன்று அவன் வீடு திரும்பவில்லை. லிங்கன் நகரத்துச் சந்தைக்காரி ஒருத்தியோடு ஓடிவிட்டான் என்றார் காரியஸ்தர் ஸ்கார்த். ஊரே சிரித்தது. கெசியாவுக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும்: ஓடினானா, இல்லையா.

ஏணியைப் பற்றிச் சொன்னதும் ஸ்கார்த்தும் சிரித்தார்.

"ஐஸ் வளருதா? அதென்ன முட்டைக்கோஸா? புருஷனோட புத்தியும் ஓடிப்போச்சா உனக்கு?"

"வந்து பாருங்கய்யா."

பட்டப்பகலில் விளக்கேற்றிக்கொண்டு வந்தார். வெக்கை உள்ளே போகாமலிருக்க, வெளிக்கதவைச் சாத்திய பிறகுதான் உட்கதவைத் திறக்க வேண்டும். இரண்டு கதவுக்கும் நடுவே, ஈர வைக்கோலும் சுண்ணாம்பும் அவருடைய பிராந்தி மூச்சும் கலந்த இருட்டில், உட்கதவுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. இரண்டு இடி, ஒரு மூச்சு நேரம், மறுபடி இரண்டு இடி. ஈனோக் அப்படித்தான் இடிப்பான்.

"தண்ணி சொட்டுது," என்றார் ஸ்கார்த். குரல் இறங்கியிருந்தது.

"கடைசி வண்டி கொட்டறதுக்கு முன்னாடி உள்ள எட்டிப் பாத்து, 'போதும், ஏறி வா'ன்னு நீங்கதானே கூப்பிடணும். அன்னைக்குக் கூப்பிட்டீங்களாய்யா?"

"விருந்து மணி அடிச்சிட்டாங்க. குடிகாரப் பய, ஏறியிருப்பான்னு நெனச்சேன். செத்தவனுக்காக அத்தனை கட்டியையும் வாரி வெளிய போடச் சொல்றியா?"

செத்தவன்.

அப்படியானால் ஓடவில்லை.

அவள் உட்கதவைத் திறந்தாள். இடி நின்றது.

கட்டி வாசற்படி வரை ஏறியிருந்தது. புதிதாய் இடித்த தளம். ஆள் இல்லை.

"பாத்தியா, கழுதை?" ஸ்கார்த் அதன்மேல் ஏறி நின்று காலால் தட்டிக் காட்டினார்.

இரண்டு இடி.

கணுக்கால் வரை போனார். ஆணி இறங்குவதுபோல், நேராக.

ஒரு மூச்சு. இரண்டு இடி. முழங்கால்.

"கை குடு! கெசியாம்மா, கை குடும்மா!"

இடுப்பு. கட்டி விரியவில்லை. இறுகியது. மார்பு.

கெசியா கைகளை ஏப்ரனுக்குள் சுருட்டிக்கொண்டாள்.

கடைசியில் ஒரு கை மட்டும் மேலே நின்றது, விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி. அந்த வெளிச்சத்தில், தெளிந்த கட்டிக்குள், ஸ்கார்த்தின் திறந்த வாய். அவர் கன்னத்தோடு கன்னம் ஒட்டி இன்னொரு முகம், தாடியெல்லாம் வைக்கோல். அது விளக்கைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துச் சிரித்தது.

மறுபடி இடி. கட்டி வாசற்படியைத் தாண்டி அவள் செருப்பைத் தொட்டது.