டிக்கிக்குள் பனி

மெழுகுதிரி பாதி எரிந்திருந்தது.

பஸ்ரியன் டிக்கிக்குள் குனிந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முந்தாநாள்தான் வாங்கி, பழைய கோப்பி ரின்னுக்குள் நிறுத்தி, போர்வை, நெருப்புப்பெட்டி, பிஸ்கற், பனி அள்ளச் சின்னச் சவல் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி வைத்திருந்தான். விடியமுன் மிசிசாகாவுக்கு வேலைக்குக் காரில் ஓடுகிறவன் பனிப்புயலில் நடுரோட்டில் அகப்பட்டால் இவைதான் உயிர் என்று வேலையிடத்தில் சொல்லியிருந்தார்கள். இன்னும் ஒருநாளும் அவன் அகப்படவில்லை. திரியைக் கொளுத்தவுமில்லை. கார்ச் சாவியும் அவனிடம் இருந்த ஒன்றுதான்.

போர்வையைத் தொட்டான். ஈரம். கட்டடத்துக்குக் கீழே, ஹீற்றர் இரையும் அந்தப் பார்க்கிங்கில் எப்போதும் பெற்றோலும் ரோட்டுப் பனிக்குப் போடும் உப்பின் தண்ணீரும்தான் மணக்கும். போர்வையில் இருந்து வந்தது ஈர மண்ணும் அழுகிய இலையும் கலந்த காட்டு மணம்.

மேலே வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி அருள்மலர் சிரித்தாள்.

"எலியாயிருக்கும்."

"எலி நெருப்புக்குச்சி தட்டுமே?"

"கனடா எலியெல்லே, படிச்சிருக்கும்."

அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருவரும் ரெலிபோனைப் பார்த்தார்கள். மாக்கஸ் அவனுடைய ஒரே தம்பி. ரஷ்யாவிலிருந்து காட்டுவழியாக ஜேர்மனிக்குக் கூட்டிப்போகிறோம் என்று ஏஜென்ற் சொல்லிக் கிழமைக்கணக்காகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. தொண்ணூற்றாறு மார்கழியின் குளிர் ரொறன்ரோவிலேயே இப்படியென்றால், அந்தக் காட்டுக்குள் எப்படியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் அவனுக்குச் சோறு இறங்காது.

புதுத் திரி வைத்தான். அடுத்த நாள் அதுவும் எரிந்திருந்தது. பிஸ்கற் கடதாசி, கையுறை கழற்ற முடியாதவன் பல்லால் கிழித்ததுபோல் கிழிந்து கிடந்தது. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. பைத்தியக்கார நினைப்புத்தான். ஆனால் தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்களே. நான் வைக்கிறது தம்பிக்குப் போய்ச் சேருகிறது, வேறு யாருக்குப் போகும்?

அன்றிலிருந்து பஸ்ரியன் வெறிபிடித்தவனாக அடுக்கினான். தன் கம்பளி உடுப்பு, தடித்த காலுறைகள், சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி, பேப்பரில் சுற்றிய இடியப்பம். உடுப்புகள் காணாமல் போயின, போத்தலும் பேப்பரும் வெறுமையாகக் கிடந்தன. ஒவ்வொரு வெறும் போத்தலையும் கண்டு, உயிரோடு இருக்கிறான், உயிரோடு இருக்கிறான் என்று அழுதான். டிக்கி மூடியைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும் குளிர் மட்டும் நாளுக்குநாள் கூடியது. மூலைகளில் பனி சேர்ந்திருந்தது, கையால் அள்ளக்கூடிய பனி. வேலைக்குக் காரில் ஓடும்போது பின்சீற்றுக்குப் பின்னாலிருந்து மெல்லிய தடதடப்புக் கேட்டது. குளிரில் பல்லோடு பல் அடிக்கும் சத்தம். "இன்னும் கொஞ்சம் பொறடா" என்று கண்ணாடியைப் பார்க்காமலே சொன்னான்.

ஞாயிறு பின்னேரம் ரெலிபோன் அடித்தது.

"அண்ணை, நான்தான். மாக்கஸ். ஜேர்மனியில, அகதிக் காம்பில நிக்கிறன்."

அருள்மலர் "மாதாவே!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். அழுகையும் சிரிப்பும் அடங்கியபின் அவன் கேட்டான்.

"எப்ப வந்தனீ?"

"ரெண்டு கிழமையாச்சு. உங்கட நம்பர் துலைஞ்சு போச்சண்ணை, இப்பதான் ஒராளிட்டக் கேட்டு எடுத்தனான்."

நேற்றும் தேத்தண்ணி வைத்தான். நேற்றும் போத்தல் வெறுமை. அப்படியென்றால் அதைக் குடித்தது யார்?

"உன்னோட வேற ஆர் வந்தது?"

அந்தப்பக்கம் மாக்கஸ் குரலைத் தாழ்த்தினான்.

"ஒரு பெடியன். காட்டுக்குள்ள நடக்க ஏலாமல் விழுந்திட்டான். செத்துப்போவான் எண்டு நினைச்சு அவன்ர ஜக்கெற்றைக் கழட்டி நான் போட்டிட்டன். போகவிடாமல் காலைப் பிடிச்சுக் கத்தினான். அதால, ரொறன்ரோவில இருந்து என்ர அண்ணை காரில வருவார், சாமான் எல்லாம் கொண்டு வருவார், இதிலயே இரு எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். உங்கட பேரும் சொன்னனான்."

அருள்மலருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"இஞ்சருங்கோ, காரை எடுங்கோ. கோயிலுக்குப் போட்டு வருவம்."

"நீ மெல்ல வா. நான் முன்னுக்குப் போறன்."

அவள் வருவதற்குள் எல்லாவற்றையும் அள்ளி எறிந்துவிட வேண்டும். தம்பி தப்பிவிட்டான். இனி ஒன்றும் வைக்கத் தேவையில்லை. லிஃப்டுக்குள் நின்று இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான்.

டிக்கியைத் திறந்தான்.

ஒன்றும் இல்லை. போர்வை இல்லை. ரின் இல்லை. விளிம்புவரை பனி.

பின்சீற்றுக் கண்ணாடி உட்புறமாக உறைந்திருந்தது. அதற்குள்ளே மஞ்சளாக ஒரு சுடர். அசைந்தது.

அணைந்தது.

பின்கதவு திறந்தது. காட்டு மணம்.

"அண்ணை."

மாக்கஸின் குரல் இல்லை.

"ஜக்கெற்றைத் தாங்கோ அண்ணை."

ஓட நினைத்தான். கால் வரவில்லை. "இந்தா, எடு, எடுத்துக்கொண்டு போயிடு." தன் கோட்டை இழுத்துக் கழற்றினான். கோட்டின் ஒரு கை கழன்றது. மறுகை மணிக்கட்டில் சிக்கியது. இழுத்தான். வரவில்லை.

முதுகில் ஏதோ ஒட்டியது. பனிக்கட்டிபோல் குளிர்.

கழற்றிய வெறும் கோட்டுக்கை அவன் பக்கத்தில் தொங்கியது. அது மெல்ல நிரம்பியது. தோளிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு. கறுத்த விரல்கள் வெளியே வந்தன.

பிறகு மற்றக் கை. அதற்குள் அவனுடைய கை இருந்தது. அதோடு உரசி, இடம் தேடி, இன்னொரு கை இறங்கியது.

லிஃப்ட் மணி அடித்தது. "இஞ்சருங்கோ?" அருள்மலரின் குரல்.

கறுத்த விரல்கள் அவன் வயிற்றடியில் கோட்டின் சிப்பைத் தேடிப் பிடித்து, இருவரையும் சேர்த்து, மெல்ல மெல்ல மேலே இழுத்துப் பூட்டத் தொடங்கின.