கோடில்லாத ஒன்பது

மழையென்றால் மழை… கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அன்று பெய்த மழைக்கு மோனோரயிலே ஓரமாக நின்று தலை துவட்டிக்கொண்டது. பார்த்தவர்கள் யாரும் இதை மறுக்கவில்லை.

அந்த மழையில்தான் ஜெரால்டின், ஒரு பெட்டி நெத்திலி சம்பலோடு ஐவனின் லேபிள் அச்சகத்துக்குள் ஓடி வந்தாள். ஒதுங்கத்தான் வந்தாள். சம்பல் என்ற அந்த மிளகாய்த் தொக்கு, கிள்ளானில் தன் வீட்டில் அவளே கிண்டியது. பேரங்காடி அன்று காலை அதைத் திருப்பியனுப்பிவிட்டது. கவுண்டர் ஸ்கேனர் பார்கோட்டைப் படிக்கவில்லையாம்.

ஐவன் ஒரு போத்தலை எடுத்துப் பார்த்தான்.

"கோடுகளைச் சிவப்புல அடிச்ச அறிவாளி யாரு?"

"நான்தான்! மிளகாய்க்கு மேட்ச்சா இருக்கட்டுமேன்னு…"

"ஸ்கேனர் வெளிச்சமே சிவப்பு, மிஸ். சிவப்புக் கோடு அதுக்கு வெள்ளைத் தாள் மாதிரிதான். கறுப்புல அடிக்கணும். ரெண்டு பக்கமும் வெறும் இடம் விடணும். நீங்க மிளகாயைக் கொண்டுபோய் கோட்டு மேலயே சாய்ச்சு வச்சிருக்கீங்க."

"ரொம்பத்தான் பேசாதீங்க லா, பாஸ்…"

ஆனால் அந்தக் கண்கள்… கோடு பார்த்தே பழகிய கண்கள், அவளை இடமிருந்து வலமாக ஒரே ஒரு முறை பார்த்தன. அவள் நெஞ்சுக்குள் எங்கோ 'பீப்' என்றது.

அதன் பிறகு லேபிள் தீர்ந்ததோ இல்லையோ, வாரம் ஒருமுறை ஐவனே புதுச் சுருளோடு கிள்ளானுக்கு வந்தான். திரும்பும்போது ஒரு போத்தல் சம்பல் வாங்கிப் போனான். 'ஒருவேளை…' என்று ஜெரால்டின் நினைக்கத் தொடங்கிய வாரத்தில்தான் விஷ்ணுப்ரியா வந்தாள். ஆளாக அல்ல, முறுக்குப் பாக்கெட்டாக.

ஜெரால்டின் அச்சகத்துக்குப் போன அன்று ஐவனின் மேசைமேல் இருந்தது அது. 'விஷ்ணுப்ரியா முறுக்கு' என்ற எழுத்துக்குக் கீழே அவளே சிரித்துக்கொண்டிருந்தாள். ஜெரால்டின் பாக்கெட்டைத் திருப்பினாள். பார்கோடு 955 என்று தொடங்கியது. பையிலிருந்த தன் போத்தலைப் பார்த்தாள். அதிலும் 955!

எனக்குக் கொடுத்த நம்பரையே அவளுக்கும் கொடுத்திருக்கிறான்…!

பாக்கெட்டை மேசைமேல் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். பொறாமைச் சூட்டில், பையிலிருந்த சம்பல் கிள்ளான் போய்ச் சேரும்வரை கொதித்தது. மூன்று வாரம் அவன் அழைப்பை எடுக்கவில்லை. லேபிளை வேறு கடையில் அடித்தாள். அங்கே மை பரவி, கோடுகளெல்லாம் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட சம்பந்திகள் போலப் பருத்து ஒன்றையொன்று இடித்தன. ஸ்கேனர் வாயே திறக்கவில்லை.

மறுபடி மழை. மறுபடி திரும்பி வந்த பெட்டி. மறுபடி அதே அச்சகம்.

"அந்த முறுக்குக்காரிக்கும் 955 கொடுத்தீங்களே, ஏன்?"

ஐவன் விழித்தான். "அதுக்கா மூணு வாரம்…? மலேசியாவுல பதிஞ்ச கம்பெனிக்கெல்லாம் 955தான். அப்துல் காதர் அண்ணே ஊறுகாய்க்கும் 955. அதுக்காக அவரையுமா நான்…"

சட்டென்று நிறுத்தினான்.

"அவரையும்னா… வேற யாரை?"

காது சிவந்துபோய், ஒரு லேபிளை அவள் பக்கம் நகர்த்தினான்.

"இந்த முதல் ஒன்பதைப் பாருங்க. கோட்டுக்கு வெளியே தனியா நிக்குது. அதுக்குன்னு ஒரு கோடுகூட இல்ல. பக்கத்துல இருக்கிற ஆறு நம்பரும் எந்த மாதிரிக் கோட்டுல நிக்குதுன்னு பார்த்துத்தான் மெஷின் அதைக் கண்டுபிடிக்கும். நானும் அப்படித்தான்… வாயைத் திறந்து சொல்ல வரல."

ஜெரால்டின் நிமிர்ந்தாள். அவன் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் அவளுடைய சம்பல் போத்தல்கள் வரிசையாக நின்றன. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை.

"ஏன் சாப்பிடல?"

"எனக்கு கேஸ்டிரிக். காரமே ஆகாது…"

ஜெரால்டினின் பார்வை மேசைமேல் இன்னும் கிடந்த முறுக்குப் பாக்கெட்டுக்குப் போனது.

"முறுக்கு எத்தனை பாக்கெட் வாங்கினீங்க?"

"ஒண்ணுகூட இல்ல. அது சாம்பிள்."

ஜெரால்டின் அந்தச் சிரிக்கும் பாக்கெட்டை மேசைமேல் குப்புறக் கவிழ்த்தாள். பிறகு அவனை இடமிருந்து வலமாகப் பார்த்தாள். சந்தேகம் தீர, வலமிருந்து இடமாகவும் பார்த்தாள்.

"பீப்…" என்றாள்.